ரிமோட், ஓவன், யுவி விளக்கு: வீட்டு மின்காந்த அலைகள், கேள்வி பதில்

கேள்வி: டிவி ரிமோட் வேலை செய்யவில்லை சார். பழுது ரிமோட்டிலா, டிவியிலா?

பதில்: பட்டனை அழுத்திக்கொண்டே ரிமோட்டின் முனையைக் கைபேசியின் முன்பக்கக் கேமராவில் பாருங்கள். ஊதாவாக மினுக்கினால் ரிமோட் சரி, கோளாறு டிவியில். ரிமோட் விடுவது பெரும்பாலும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். பின்பக்கக் கேமராவில் அதைத் தடுக்கும் வடிகட்டி இருக்கும். சில முன்பக்கக் கேமராக்களிலும் உண்டு. அதனால் நன்றாக வேலை செய்யும் வேறொரு ரிமோட்டை முதலில் காட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மைக்ரோவேவ் ஓவன் ஓடும்போது மட்டும் வைஃபை திணறுகிறது. கதிர் கசிகிறதா அண்ணா?

பதில்: கொஞ்சம் கசியும், எல்லா ஓவனிலும். ஓவன் ஓடுவது 2.45 கிகாஹெர்ட்ஸில்; பழைய வைஃபை பட்டையும் அதே இடம். உள்ளே சுழல்வது 800 வாட் அளவு, ரவுட்டர் அனுப்புவதோ 0.1 வாட். உடலுக்கு ஒன்றும் செய்யாத கசிவே வைஃபையைக் குலைக்கப் போதும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், தீர்ந்தது. கதவின் வலையில் துளை 1-2 மில்லிமீட்டர். அலைநீளம் 12 சென்டிமீட்டர், நுழையாது. ஒளியின் அலைநீளம் மிகச் சிறியது, அதனால்தான் உள்ளே சாப்பாடு தெரிகிறது. கதவு நெளிந்திருந்தாலோ கொக்கி தளர்ந்திருந்தாலோ மட்டும் ஓவனைத் தொடாதீர்கள்.

கேள்வி: வைஃபையும் எக்ஸ் கதிரும் ஒரே இனம் என்கிறார்களே?

பதில்: ஒரே இனம்தான், ஆற்றல் வேறு. 1240ஐ அலைநீளத்தால் (நானோமீட்டரில்) வகுத்தால் ஒரு ஒளித்துகளின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் (மிகச் சிறிய ஆற்றலை அளக்கும் அலகு) கிடைக்கும். அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க ஏறக்குறைய 10 வேண்டும். வைஃபைக்கு வருவது 0.00001. எக்ஸ் கதிருக்கு ஆயிரக்கணக்கில்.

கேள்வி: தண்ணீர் சுத்திகரிப்பானில் யுவி விளக்கு நீலமாக நன்றாகவே எரிகிறது. மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: அந்த நீலத்தை நம்பாதீர்கள். கிருமியைக் கொல்வது கண்ணுக்குத் தெரியாத 254 நானோமீட்டர் கதிர். நீலம் குறையாமலே அது தேய்ந்துவிடும். தொடர்ந்து எரிந்தால் ஒரு வருடத்தில், அதாவது 9000 மணி நேரத்துக்குள், மாற்றுங்கள். விளக்கைச் சுற்றியுள்ள உறையில் உப்புப் படிந்தாலும் கதிர் தண்ணீருக்குப் போகாது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் கழற்றி, எலுமிச்சைச் சாற்றில் துடையுங்கள். உடைந்தால் குவார்ட்ஸ் உறையே வாங்குங்கள். சாதாரணக் கண்ணாடி 254ஐ விழுங்கிவிடும்.

கேள்வி: மழையில் டிஷ் போய்விடுகிறது, எஃப்எம் மட்டும் பாடுகிறதே?

பதில்: டிஷ் அலை இரண்டரை சென்டிமீட்டர்; சில மில்லிமீட்டர் மழைத்துளியே அதை உறிஞ்சிச் சிதறடிக்கும். எஃப்எம் மூன்று மீட்டர், துளியைக் கண்டுகொள்ளாது. கொட்டும் மழையில் படம் போனால் இயல்பு. தூறலுக்கே போனால் டிஷ் சற்றுத் திரும்பியிருக்கும், அல்லது எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் அலையை வாங்கும் கருவி) கனெக்டருக்குள் ஈரம். கழற்றிக் காயவைத்து, பச்சை பிடித்திருந்தால் வெட்டிப் புதிது போட்டு, ரப்பர் டேப் சுற்றுங்கள்.