கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டே ஒரு பெண் ஹிப் ஹாப்பை அன்றாடப் பழக்கமாக்க முடியுமா? எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் தக்கலை பக்கம். கல்லூரி இரண்டாம் ஆண்டு. ஹிப் ஹாப்பின் ஆட்டமான பிரேக்கிங், தாளத்துக்குச் சொல்லிப் பாடும் ராப் இரண்டிலும் ஆசை. பக்கத்தில் வகுப்பு கிடையாது. வீட்டில் மொட்டை மாடி உண்டு, கையில் ஒரு சாதாரண ஸ்மார்ட்போன் உண்டு என்று எழுதியிருக்கிறார்.

தாராளமாக முடியும். ஒரு நல்ல தரையும் உங்கள் நாக்கும் போதும். தொளதொள சட்டை, தொப்பி, விலை கூடிய ஷூ எல்லாம் ஆறு மாதம் கழித்து வாங்கினாலும் ஒன்றும் குறையாது. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். உடுப்பு வந்துவிடும், தரையில் கையூன்றிக் காலைச் சுற்றும் சிக்ஸ் ஸ்டெப் வராது.

"இது பையன்களுக்கானது" என்று யாராவது சொன்னால், ஹிப் ஹாப் பிறந்த கதையைச் சொல்லுங்கள். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பு. பள்ளி திறக்கும் முன் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்க சிண்டி கேம்பல் என்ற பெண் ஒரு விருந்து நடத்தினாள். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். பாட்டுப் போட்டவர் அவள் அண்ணன், டிஜே கூல் ஹெர்க். பாட்டில் குரல் நின்று டிரம்ஸ் மட்டும் ஓடும் இடம்தான் பிரேக். ஒரே இசைத்தட்டில் இரண்டு படி வைத்துக்கொண்டு அந்த இடத்தையே நீட்டிக்கொண்டு போனது அவருடைய கண்டுபிடிப்பு. அந்தப் பிரேக்கில் ஆடியவர்கள்தான் பி-பாய், பி-கேர்ள். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் முதன்முறையாக வந்தபோது பெண்கள் பிரிவில் தங்கம் வாங்கியவர் ஜப்பானின் ஆமி.

இனி தரை. மொட்டை மாடிச் சிமெண்டில் நேரடியாக ஆடினால் ஒரு வாரத்தில் உள்ளங்கை உரியும். வீட்டு டைல்ஸ் காய்ந்திருக்கும்போது நன்றாக இருக்கும். ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில், அதுவும் கடற்கரையோர ஊர்களில், விடிகாலையில் டைல்ஸ் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும். காய்ந்த துணியால் துடைக்காமல் கை வைத்தால் வழுக்கி மணிக்கட்டு மடங்கும். செலவில்லாத வழி, வீட்டுச் சாமான் கடையில் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கி, விரித்து, விளிம்பை டேப் போட்டு ஒட்டுவது. பிராங்ஸிலும் அட்டைதான். மழைக்காலத்தில் அது சீக்கிரம் நைந்துபோகும்.

கொஞ்சம் பணம் போட முடிந்தால் பிளைவுட். 12 மில்லிமீட்டர் தடிமனில் 8க்கு 4 அடிப் பலகை இரண்டு. ஒரே பலகை போதும் என்று நினைக்காதீர்கள். சிக்ஸ் ஸ்டெப்பில் கால் சுற்றி வரும்போது விளிம்பில் இடிக்கும். கடையிலேயே ஒவ்வொன்றையும் பாதியாக அறுக்கச் சொன்னால் 4க்கு 4 அடியில் நான்கு துண்டு கிடைக்கும். ஒரு துண்டு பத்துப் பன்னிரண்டு கிலோ. ஒருத்தியே மாடிக்குத் தூக்கலாம். வாங்கும்போது ஐஎஸ் 710 முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் ரகத்தைக் கேளுங்கள். சாதாரண ரகம் இங்கே ஒரு பருவமழையில் ஊதிவிடும். அடியில் கயிற்றுப் பாய் போட்டால் முட்டுக்கு இதம். மேலே லினோலியம் விரித்து, இணைப்புகளைத் துணி டேப்பால் ஒட்டுங்கள். ஆடி முடித்ததும் பலகையை எடுத்து உள்ளே சாய்த்து வைக்க வேண்டும். கயிற்றுப் பாய் ஈரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும், பலகை அடியிலிருந்து பூஞ்சை பிடிக்கும்.

நேரம் காலை 5.30 முதல் 6.30 வரை. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் கொட்டும், காலை தெளிந்திருக்கும். மாலையை நம்பினால் வருடத்தில் பல மாதம் ஆட முடியாது.

தரையில் இறங்கும் முன் வளையல், கொலுசு, கம்மல், கொண்டை ஊசி எல்லாம் கழற்றிவிடுங்கள். தலையில் தேங்காய் எண்ணெய் இருந்தால் அன்றைக்குத் தலை தரையில் படும் எதையும் செய்ய வேண்டாம். எண்ணெய் தரையில் பட்டு அடுத்த முறை கை வழுக்கும். பின்னலை டி-ஷர்ட்டுக்குள் விட்டு, தலையில் பருத்தித் துணியை இறுக்கிக் கட்டுங்கள். முட்டுக்கு வாலிபால் நீ பேடு, அதன் மேல் டிராக் பேண்ட்.

முதல் பத்து நிமிடம் மணிக்கட்டுக்கு. புதிதாக வருகிறவர்கள் நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முட்டுக்குத்தி உட்கார்ந்து, விரல் நுனி உங்களை நோக்கியிருக்கும்படி உள்ளங்கையை ஊன்றி, பைய முன்னும் பின்னும் சாயுங்கள். பிறகு புறங்கை. எப்போது கையூன்றினாலும் விரல்களை அகல விரித்து, விரல் அடிமேட்டில் பாரம் கொடுங்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியில் மொத்தப் பாரமும் விழுந்தால் இரண்டே வாரத்தில் வலி வரும். வலி வந்தால் கையூன்றாமல் டாப்ராக் மட்டும் ஆடுங்கள். வலியோடு பழகினால் மாதக்கணக்கில் இழுக்கும்.

டாப்ராக் என்றால் நின்றபடி ஆடுவது. தினம் பத்து நிமிடம். அதன்பின் சிக்ஸ் ஸ்டெப். தண்டால் நிலையில் தொடங்கி, முதல் மூன்று அடியில் ஒரு காலை முன்னால் குறுக்கே கொண்டுவந்து, மற்ற காலைப் பின்னால் கொக்கிபோல் மடக்கி, முதல் காலை விடுவித்தால் உடம்பு மல்லாந்து நண்டு நிலைக்கு வரும். அடுத்த மூன்று அடியில் அதே வழியில் திரும்பித் தண்டால். கை மாறிக்கொண்டே இருக்கும். எந்தக் கால் குறுக்கே வருகிறதோ அதற்கு வழிவிடும் கை மேலே எழ வேண்டும். கால் சிக்குகிறதென்றால் பெரும்பாலும் கை எழவில்லை. இடுப்பு மேலே தூக்கிக்கொண்டால் வேகம் வராது. முழுப்பாதம் ஊன்றாமல் பாதத்தின் முன்பகுதியில் இருங்கள். ஒரு வாரம் பாட்டே போடாமல் எண்ணி எண்ணிச் செய்யுங்கள். அப்புறம் 100 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 100 தட்டு உள்ள பாட்டு, அது சீரான பிறகு 115. முதல் நாளிலேயே வேகமான பாட்டுக்குச் சாடினால், தப்பான கால் உடம்பில் பதிந்துவிடும். அதை மாற்றப் புதிதாகக் கற்பதைவிட அதிக நாள் ஆகும்.

ஃபிரீஸ் என்றால் ஆட்டத்தின் நடுவே அப்படியே உறைந்து நிற்பது. அதில் எளிதான பேபி ஃபிரீஸில் ஒரு முழங்கையை இடுப்பெலும்புக்குச் சற்று உள்ளே வயிற்றில் குத்தி நிறுத்தி, மற்ற கையையும் ஊன்றி, தலையின் பக்கவாட்டைத் தரையில் தொட வேண்டும். மற்ற முழங்கையின் மேல் ஒரு முழங்காலை இருத்தினால் நிற்கும். தலை தொடத்தான், தாங்க இல்லை. கழுத்து வலித்தால் முழங்கை சரியாகக் குத்தவில்லை என்று அர்த்தம்.

ஆடுவதற்கு அரை மணி முன்னால் ஒரு மட்டிப்பழம் போதும். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் ஆடி முடித்த பிறகு. வியர்வை அதிகம் போகும் ஊர் இது. உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி நல்லது.

கடற்கரை மணலில் தலைகீழாக நிற்கவும் குட்டிக்கரணம் போடவும் பழகலாம், சிக்ஸ் ஸ்டெப் போன்ற கால் வேலை வேண்டாம், கணுக்கால் பிசகும். கள்ளக்கடல் எச்சரிக்கை இருக்கும் நாளில் மணலுக்கே போகாதீர்கள். அலை சொல்லாமல் ஏறும்.

பக்கத்தில் நம் ஊர்த் தற்காப்புக் கலையான அடிமுறை சொல்லிக்கொடுக்கும் ஆசான் யாராவது பெண்பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வார் என்றால் போய்ச் சேருங்கள். அதன் காலடி வரிசையான சுவடு பழகியவர்களுக்குத் தாழ்ந்த நிலையில் நகர்வது சுலபமாக வருகிறது. நியூயார்க்கின் பி-பாய்கள் 70களில் குங்ஃபூ படங்களைப் பார்த்து அசைவுகளை எடுத்தார்கள். நமக்கு அது ஊரிலேயே இருக்கிறது.

இனி நாக்கு. சென்னைத் தமிழில் ராப் பாட முயல வேண்டாம். அது அவர்கள் ஊர்ப் பேச்சு. உங்கள் வாயில் கடன் வாங்கியதாகத்தான் ஒலிக்கும். உங்கள் பேச்சு தாளத்துக்கு எவ்வளவு தோதானது என்பதைக் கணக்குப் போட்டே காட்டலாம்.

நோட்டில் ஒரு வரிசைக்கு 16 கட்டம் வரையுங்கள். அது ஒரு பார், நான்கு தட்டு. குறில் ஒரு கட்டம். நெடிலுக்கும், ஒற்றோடு முடியும் அசைக்கும் இரண்டு கட்டம். சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வரும் ஐ ஒரு கட்டம்தான், இலக்கணத்தில் படித்த அதே ஐகாரக்குறுக்கம். 1, 5, 9, 13ஆம் கட்டங்களில் தட்டு விழும். ஸ்நேர் டிரம்மின் பலமான அடி விழுவது 5இலும் 13இலும்.

"மழை ரெண்டு தடவை பெய்யிற மண்ணு" என்று எழுதிக் கட்டத்தில் போட்டுப் பாருங்கள். 13இல் "மண்" விழுகிறது, நல்லது. ஆனால் 5இல் "ரெண்டு"வின் "டு" விழுகிறது. பலமான அடியில் இருப்பதிலேயே பலவீனமான எழுத்து. பாடும்போது வரி நொண்டும், ஏன் என்று புரியாது. அதையே "மழையும் ரெண்டாப் பெய்யிற மண்ணு" என்று மாற்றினால் மழையும் நாலு, ரெண்டாப் நாலு, பெய்யிற நாலு, மண்ணு மூன்று, கடைசிக் கட்டம் மூச்சுக்கு. ஸ்நேரில் "ரெண்", "மண்" இரண்டும் கனமாக விழும்.

"என்னுடைய" ஐந்து கட்டம், ஒரு தட்டைத் தாண்டி வழியும். நம் மேற்குப் பக்கத்து "எனக்க" சரியாக நாலு கட்டம்.

இன்னொரு பிழை, குறிலை இழுப்பது. ஆங்கிலத்தில் உயிரொலியை இழுத்தாலும் பெரும்பாலும் சொல் மாறாது. தமிழில் "படு" பாடாகிவிடும், "கல்" காலாகிவிடும். கட்டம் காலியாக இருந்தால் மௌனமாக விடுங்கள் அல்லது வேறு சொல் தேடுங்கள். "வருகிறேன், தருகிறேன்" என்று வினைமுற்றில் இயைபு பிடிப்பதையும் விட்டுவிடுங்கள். தமிழில் எல்லா வினையும் அப்படித்தான் முடியும், கேட்பவருக்கு அதில் சுவை இல்லை. எதுகையையும் மோனையையும் வரிக்கு நடுவே வைத்தால் காது திரும்பும்.

90 பிபிஎம் பீட்டில், அதாவது பின்னணித் தாள இசையில், ஒரு பார் 2.67 நொடி, 16 பார் ஏறக்குறைய 43 நொடி. இரண்டு பாருக்கு ஒருமுறை மூச்சுக்கு ஒரு கட்டமாவது எழுதும்போதே ஒதுக்குங்கள். எங்கே மூச்சு எடுப்பது என்று படிக்க அம்மன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேளுங்கள். முன்னால் இருப்பவர் வரியைச் சொல்லிவிட்டுக் காற்றெடுக்கும்போது பின்னால் இருப்பவர்கள் "ஆமா" போட்டு இடத்தை நிரப்புவார்கள். உடுக்கும் குடமும் விடாது. ராப்பில் பின்குரல் செய்வது அதே வேலை.

பதிவுக்கு பேண்ட்லேப் செயலி இலவசம். கம்பி உள்ள இயர்போன்தான் வேண்டும். புளூடூத்தில் பீட் தாமதமாகக் கேட்டு நீங்கள் பின்தங்குவீர்கள். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து அதைப் பார்த்து நின்று, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராகப் பிடித்தால் "ப", "ப்ப" வரும்போதெல்லாம் காற்று வெடிக்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். ஒலி அளவு உச்சத்தில் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். உடைந்த ஒலியைப் பிறகு சரிசெய்ய முடியாது. இணையத்தில் "இலவசம்" என்று கிடைக்கும் பீட் பெரும்பாலும் காசு பார்க்காத பதிவுக்கு மட்டும்தான், விவரத்தைப் படியுங்கள்.

எதைப் பற்றி எழுதுவது? மேலாடை அணியும் உரிமைக்காக இந்த மண்ணின் பெண்கள் பல ஆண்டுகள் போராடி, 1859இல் திருவிதாங்கூர் அரசின் அறிவிப்பை வரவைத்தார்கள். "இதென்ன உடுப்பு" என்று கேட்கும் தெருவில் நடக்கும் பெண்ணுக்கு இதைவிட நெருக்கமான பொருள் கிடையாது. 2015இல் கொடைக்கானல் பாதரச மாசைப் பற்றிச் சென்னையின் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் உலகம் முழுக்கப் போனது. உள்ளூர்ப் பொருள் சின்னது என்று தயங்க வேண்டாம்.

ஹிப் ஹாப்பின் இன்னொரு கிளை கிராஃபிட்டி, சுவரில் எழுத்து வரையும் கலை. அதற்குச் சுவர் வேண்டாம், நோட்டு போதும். அனுமதி இல்லாமல் பொதுச்சுவரில் வரைவது 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சிதறால் மலையில் வட்டெழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. கல்லைத் தொடாமல் பார்த்துவிட்டு வந்து, அந்த வளைவுகளில் உங்கள் பெயரை எழுதிப் பழகுங்கள்.

மூன்று மாதம் கழித்துத் துணை தேடுங்கள். நாகர்கோவிலில் இல்லையென்றால் திருவனந்தபுரம் ரயில் தூரம்தான். கிளம்பும் முன்பே திரும்பும் ரயிலையும், அதற்குப் பிறகு ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸையும் பார்த்து வீட்டில் சொல்லிவிடுங்கள். சைஃபர் என்பது ஆடுகிறவர்கள் சுற்றி நின்று ஒருவர் மாற்றி ஒருவர் நடுவில் ஆடும் வட்டம். அதில் இரண்டாம் வரிசையில் நின்றால் யாரும் இடம் தரமாட்டார்கள். முன்வரிசையில் நில்லுங்கள். ஆடுகிறவர் வெளியே வரும்போதே டாப்ராக்கோடு உள்ளே நுழையுங்கள். இருபது முப்பது நொடி, ஒரு ஃபிரீஸ், வெளியே. அடுத்தவர் அசைவை அப்படியே போட்டால் அங்கே மதிப்பு போய்விடும். எதிராளியைத் தொடக்கூடாது.

வீட்டில் ஒளித்துச் செய்யாதீர்கள், மாடியில் காலைச் சத்தம் எப்படியும் கேட்கும். 16 பார் எழுதி முடித்ததும் பீட் இல்லாமல் பாட்டிக்குப் பாடிக் காட்டுங்கள். எந்தச் சொல்லில் "என்ன மக்கா சொன்ன?" என்று கேட்கிறாரோ, அந்த வரியில் எழுத்து நெருக்கியடிக்கிறது. அங்கே ஒரு சொல்லை எடுத்துவிட்டு மறுபடி கட்டம் போடுங்கள்.