தத்துப் பத்திரம் கையில் இருக்கிறது, குழந்தை ஏன் அமெரிக்கா வர முடியவில்லை?

கேள்வி: நான் அமெரிக்கக் குடிமகன்; மனைவி கிரீன் கார்டில் இருக்கிறார். 14 வருடமாகக் குழந்தை இல்லை. தஞ்சாவூரில் இருக்கும் என் தங்கை, தன் மூன்றாவது பெண்ணை (4 வயது) எங்களுக்குக் கொடுத்தாள். அவளும் மாப்பிள்ளையும் அரசு வேலையில் இருக்கிறார்கள். ஒரு குறையும் இல்லை, பாசத்தால்தான் கொடுத்தார்கள். ஹோமம் செய்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரமும் பதிந்தோம். சுற்றுலா விசா கேட்டோம், மறுத்துவிட்டார்கள். தங்கையின் மாமியார் 'பேத்தியை விற்றுவிட்டார்கள்' என்று ஊரெல்லாம் சொல்கிறார். இரண்டரை லட்சம் வாங்கிய ஏஜென்ட், 'குழந்தையைக் காப்பகத்தில் ஒப்படைத்துவிட்டு நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்' என்கிறார். அவர்மேல் வழக்குப் போடலாமா?

பதில்: மாமியார் பேச்சை விடுங்கள். ஏஜென்ட் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, 'ஒரு குறையும் இல்லை' என்று, உங்கள் காரியத்தை மறிப்பது அந்த வரிதான்.

இந்தியாவும் அமெரிக்காவும் நாடுவிட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் உடன்படிக்கையில் உள்ளவை. அமெரிக்காவில் வசிக்கும் குடிமகன் இங்கே வசிக்கும் குழந்தையைத் தத்தெடுத்து அழைத்துப்போக ஐ-800 என்ற அமெரிக்கக் குடியேற்ற மனுதான் வழி. பெற்றோர் இருவரும் உயிரோடு இருந்தால், குழந்தையின் அடிப்படைத் தேவைகளை உள்ளூர் நிலைக்கு ஏற்றபடிகூட அவர்களால் கவனிக்க முடியவில்லை என்று அதில் காட்ட வேண்டும். இரண்டு அரசுச் சம்பளம் வரும் வீட்டில் அதைக் காட்ட முடியாது. காட்ட முயன்றால் பொய் சொன்னதாகும்.

இரண்டாவது சிக்கல், வரிசை. முதலில், நீங்கள் தத்தெடுக்கத் தகுதியானவர் என்று காட்டும் ஐ-800ஏ மனு, உங்கள் வீட்டு நிலையை ஆராயும் ஹோம் ஸ்டடி. பிறகு ஐ-800-க்குத் தற்காலிக ஒப்புதல், தத்து தொடரலாம் என்று ஹேக் உடன்படிக்கையின் 5-ஆம் பிரிவுப்படி அமெரிக்கத் தூதரகம் தரும் கடிதம். அதற்கும் பிறகுதான் தத்து. நீங்கள் கடைசிப் படியில் ஆரம்பித்துவிட்டீர்கள். ஒப்புதலுக்கு முன்பே தத்து முடிந்திருந்தால் மனு தள்ளுபடி. அந்தத் தத்தை உரிய அதிகாரி ரத்து செய்திருக்க வேண்டும் என்பார்கள். நம் 1956-ஆம் வருட இந்து தத்தெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவோ, செல்லுபடியான தத்தை யாரும் ரத்து செய்ய முடியாது என்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு ரத்துப் பத்திரம் எழுதிக்கொண்டு வந்து நிற்பவர்கள் உண்டு. அது வெறும் காகிதம். இந்தியாவின் மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவிடம், குழந்தை வெளிநாடு போகத் தடையின்மைச் சான்று கேட்டால் அவர்கள் அமெரிக்காவின் அந்த 5-ஆம் பிரிவுக் கடிதத்தைக் கேட்பார்கள்; அமெரிக்கா அதைக் கொடுக்காது. இப்படியே சுற்றிக்கொண்டிருப்பீர்கள்.

காப்பக யோசனைதான் இதில் மிக ஆபத்தானது. பத்திரப்படி இன்று குழந்தைக்குத் தகப்பன் நீங்கள். ஒப்படைக்கத் தங்கைக்கு உரிமையே இல்லை. பத்திரத்தை மறைத்து அவள் குழந்தைகள் நலக் குழு முன் கையெழுத்துப் போட்டால், அரசு ஊழியர் ஒருவர் பொய்வாக்குமூலம் கொடுத்ததாகும். மனம் மாற இரண்டு மாத அவகாசம் உண்டு. அது கழிந்ததும் குழந்தை தத்துக்குத் தகுதியானவள் என்று அறிவிக்கப்பட்டு, காராவின் கணினி வரிசைக்குப் போய்விடுவாள். அங்கே 'இது எங்கள் குழந்தை' என்று துண்டு போட்டு இடம் பிடிக்க முடியாது. வரிசையில் முன்னால் நிற்கும் யாரோ ஒருவருக்குப் போவாள். பிறகு நீங்களும் தங்கையும் அழுது பயனில்லை.

சுற்றுலா விசாவுக்கு மறுபடி முயல வேண்டாம். கிடைத்தாலும் அங்கே போய் அந்தஸ்து மாற்ற முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள். உரிய உத்தரவு இல்லாமல் குழந்தையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது சிறார் நீதிச் சட்டப்படி குற்றம். மூன்று வருடம் வரை சிறை.

இனி ஏஜென்ட். வழக்கு வேண்டாம், பேசி முடியுங்கள். நோட்டீஸ் விட்டால், 'பணம் தங்கை குடும்பத்துக்குக் கொடுக்கத்தான் வாங்கினேன்' என்று ஒரு வரி பதில் எழுதிவிடுவார். தத்துக்காகப் பணம் கைமாறுவதை 1956 சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுக்கிறது. மெய்யோ பொய்யோ, அந்த வரி கோப்பில் ஏறிவிடும். பாதிப் பணம் திருப்பித் தந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். பணத்தைவிட முக்கியம், மூல ஆவணங்களும் உங்கள் பெயரில் அவர் எங்கெங்கே என்னென்ன மனு போட்டார் என்ற நகல்களும்.

மிஞ்சும் நேர்வழி ஒன்றுதான், செலவானது. குடிமகனான நீங்கள் இந்தியா வந்து, குழந்தையோடு இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்து, சட்டப்படியான பொறுப்பும் உங்களிடம் இருந்தால், குடும்ப உறவினரை அழைத்துக்கொள்ளும் ஐ-130 மனு போடலாம். அதில் தங்கையின் சம்பளம் ஒரு கேள்வி அல்ல. மனைவியை மட்டும் அனுப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டு வருடம் வெளியே இருந்தால் அவர் கிரீன் கார்டு ஆட்டம் காணும். அப்போதும் குழந்தை கிளம்பக் காராவின் சான்று வேண்டும், ஆகவே வேலையை விடுமுன் உங்கள் நிலையை விவரித்து அவர்களிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இதில் பலர் வழுக்கும் இடம் தங்கை வீட்டு மாடி. பெற்றோரோடு ஒரே வீட்டில் இருந்தால், வளர்த்தது நீங்கள்தான் என்று தனியாக நிரூபிக்கச் சொல்வார்கள். வேறு தெருவில் உங்கள் பெயரில் வாடகை ஒப்பந்தம் போடுங்கள். பள்ளிக்கட்டண ரசீதும் தடுப்பூசி அட்டையில் கையெழுத்தும் உங்களுடையதாக இருக்கட்டும். இரண்டு வருடம் வர முடியாது என்றால், பெண் தங்கையிடமே வளரட்டும். படிப்புச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். பத்திரப்படி நீங்கள்தான் தகப்பன் என்பதால், பள்ளியிலும் மருத்துவமனையிலும் தங்கை கையெழுத்துப் போட ஓர் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுங்கள்.