பி.எல்.சி.யோடு லேப்டாப் பேச மறுத்தால் எங்கே தொடங்குவது?

மன்னார்குடி பக்கத்து ரைஸ் மில்லில் புது லேப்டாப், யூ.எஸ்.பி. சீரியல் கன்வெர்ட்டர், பழைய கேபிள், பி.எல்.சி.யோடு (மெஷின்களை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி) இணைத்தால் 'டைம் அவுட்', அதாவது பதில் வராமல் நேரம் முடிந்தது என்பது, மட்டுமே வருகிறது என்கிறீர்கள். பி.எல்.சி.யில் இருப்பது ஆர்.எஸ்.-232 என்ற பழைய வகை சீரியல் போர்ட் என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் பி.எல்.சி.யை மறந்துவிடுங்கள். கன்வெர்ட்டரின் 9 பின் முனையில் 2, 3 இரண்டையும் சின்னக் கம்பியால் சேர்த்து, டெர்மினல் புரோகிராமில் (தட்டும் எழுத்தை சீரியல் போர்ட்டுக்கு அனுப்பி, வருவதைக் காட்டுவது) லோக்கல் எக்கோ, ஃப்ளோ கன்ட்ரோல் என்ற செட்டிங் இரண்டையும் அணைத்துவிட்டு ஏதாவது தட்டுங்கள். தட்டிய எழுத்து திரும்பி வந்தால் லேப்டாப் பக்கம் பழுதில்லை. வராவிட்டால் காம் எண்ணை (கன்வெர்ட்டருக்கு லேப்டாப் தரும் COM போர்ட் எண்) பாருங்கள், வேறு யூ.எஸ்.பி. போர்ட்டில் செருகினாலே அது மாறிவிடலாம்.

அடுத்தது கேபிள். எனக்குப் பெரும்பாலும் குற்றவாளி இதுதான். இரு பக்கமும் மாட்டி, மூடியைக் கழற்றி, மீட்டரின் கறுப்பு முனையை 5ஆம் பின்னில் (கிரவுண்ட்) வைத்து 2, 3 இரண்டிலும் டி.சி. வோல்ட் அளந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது இரண்டிலும் மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வரை காட்ட வேண்டும். ஒன்றில் மட்டும் மைனஸ், மற்றதில் கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால் 2, 3 மாறியிருக்கிறது, அல்லது ஒரு ஒயர் அறுந்திருக்கிறது.

மூடியைக் கழற்றியபோதே பின்களையும் பாருங்கள். நெல் அவிக்கும் ஆவியும் தவிட்டுத் தூசியும் சேர்ந்து பச்சை பூத்திருக்கும். ஒருமுறை டூத் பிரஷ்ஷால் தேய்த்ததோடு என் வேலை முடிந்தது!

பிறகுதான் செட்டிங். வேகம் (நொடிக்கு 9600 பிட்) பொருந்தியும், பாரிட்டி என்ற பிழை சரிபார்க்கும் செட்டிங் ஒரு பக்கம் ஈவன் (Even), மறுபக்கம் நன் (None) என்றிருந்தால் பதில் வராது. மோட்டார் ஓடும்போது மட்டும் தொடர்பு அறுந்தால், சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்.