உதவாக்கரைக்கு ஆங்கிலத்தில் என்ன?

அன்புள்ள ஐயா,

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் தம்பி, தங்கையைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னேன். பாதிப் பேர் எழுதியது: ‘மை பிரதர் இஸ் வேஸ்ட்.’ திருத்தலாம் என்று அகராதியைப் புரட்டினால் யூஸ்லெஸ், வொர்த்லெஸ், குட் ஃபார் நத்திங், டிராஷ், ரப்பிஷ், ஜங்க் என்று வரிசை கட்டி நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் எதிரே ‘பயனற்ற, மதிப்பற்ற’ என்றே போட்டிருக்கிறது. எதை எங்கே சொல்ல வேண்டும் என்று எப்படிப் புரியவைப்பது? ஒரு மாணவி தன் தங்கையை ‘இன்வேல்யுபிள்’ என்று எழுதியிருக்கிறாள். திட்டியிருப்பதாக நினைப்பு.

வாசகர், கடலூர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அந்த மாணவி தங்கையைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்கிறாள். இன்வேல்யுபிள் என்றால் விலை சொல்லி மாளாதது. பிரைஸ்லெஸ் என்பதும் அப்படித்தான். ஆங்கிலம் ஏமாற்றுகிறது என்று குறைபட வேண்டாம். ‘மதிப்பற்ற’ என்றால் வசை, அதன் முன்னால் ‘விலை’ என்று சேர்த்துவிட்டால் வாழ்த்து என்று நாமும்தானே வைத்திருக்கிறோம்?

நீங்கள் வகுப்பில் நின்று நிதானமாக நடத்த வேண்டியது யூஸ்லெஸ், வொர்த்லெஸ் இரண்டையும்தான். முதலாவது வேலையைப் பற்றியது, இரண்டாவது விலையைப் பற்றியது. ஐப்பசி மழையில் கம்பி முறிந்த குடை யூஸ்லெஸ். 2016 டிசம்பர் 30-க்குள் வங்கியில் கட்டாமல் பாட்டியின் அரிசிப் பானைக்குள்ளேயே தங்கிவிட்ட பழைய ஐநூறு ரூபாய் நோட்டு வொர்த்லெஸ். நோட்டு கிழியவில்லை, சாயம் போகவில்லை, காந்தி அப்படியே சிரிக்கிறார். ஆனாலும் செல்லாது.

இதை மனிதர்களுக்குக் கொண்டுவரும்போது வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. ஒருவனை ‘யூஸ்லெஸ் அட் கிரிக்கெட்’ என்று சொல்ல ஆங்கிலம் இடம் கொடுக்கிறது. கிரிக்கெட்டில்தான் உதவாதவன், மற்றபடி கெட்டிக்காரனாக இருக்கலாம். ‘வொர்த்லெஸ் அட்’ என்று ஆங்கிலேயர் சொல்வதில்லை. அந்தச் சொல் ஆளை முழுவதுமாகத் தள்ளுபடி செய்துவிடுகிறது, தப்பிக்க ஒரு சந்து விடுவதில்லை. தம்பி மிட்டாயைத் திருடித் தின்றதற்கெல்லாம் இந்தச் சொல்லை எடுக்கக் கூடாது.

குட் ஃபார் நத்திங் நம் உதவாக்கரைக்கு மிக நெருக்கமானது. தாத்தா பேரனைத் திட்டுகிற சொல், பாதி கோபம், பாதி பாசம். இங்கே புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த வீட்டுப் பெரியவர்கள் ‘வோரியான்’ என்பார்கள். ‘ஒன்றும் பெறாதவன்’ என்ற வாக்கியமே இறுகி ஒரு சொல்லானது. இன்றைய பிரெஞ்சில் அதன் பல் விழுந்துவிட்டது. வால்பையன் என்ற அளவுக்குத்தான் சுடும்.

இனி குப்பைக் குடும்பம். ஜங்க் பாய்மரக் கப்பல் மாலுமிகளின் சொல், நைந்துபோன வடத்துக்கு அவர்கள் வைத்த பெயர். அந்த வடத்தையும் கடலில் வீசிவிடவில்லை. பிரித்து நாராக்கி, தார் சேர்த்து, பலகை இடுக்குகளை அடைத்தார்கள். அந்த வாசனை இன்னும் அந்தச் சொல்லில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி மகாத்மா காந்தி சாலைச் சந்தையில் சாக்கை விரித்து மூடி இல்லாத மிக்ஸி ஜாடி, ஒற்றை ஸ்பீக்கர், முள் கழன்ற கடிகாரம் என்று பரப்பி வைத்திருப்பார்கள். அது ஜங்க். பழையது, ஆனால் அதற்கும் ஒருவர் குனிந்து பேரம் பேசிக்கொண்டிருப்பார். ரப்பிஷ் பிரிட்டனில் குப்பை, டிராஷ் அமெரிக்காவில் குப்பை. ரப்பிஷுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு: எதிராளி பேசுவது பிதற்றல் என்றால் அந்த ஒரு சொல்லோடு பேச்சை முடித்துவிடலாம்.

டிராஷைப் பற்றி உங்கள் ஊரிலேயே பாடம் இருக்கிறது. முதுநகர்த் துறைமுகத்துக்கு விடியற்காலையில் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். விசைப்படகு கொண்டுவந்து கொட்டியதைப் பெண்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிரிப்பார்கள். இறால் ஒரு கூடை, வஞ்சிரம் ஒரு கூடை. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத காரப்பொடி, கால் ஒடிந்த நண்டு, வளர விட்டிருந்தால் நல்ல விலைக்குப் போயிருக்கும் குஞ்சு மீன்கள் எல்லாம் ஓரமாக ஒரு குவியல். மீன்வளத் துறையின் ஆங்கிலத்தில் அதற்கு ‘டிராஷ் ஃபிஷ்’ என்று பெயர். அந்தக் குவியலும் காய்ந்து, அரைபட்டு, மீன்தூளாகவும் கோழித் தீவனமாகவும் காசாகிறது. அதனால்தானோ என்னவோ, ஆய்வாளர்கள் இப்போதெல்லாம் ‘குறைந்த மதிப்பு மீன்’ என்றும் சேர்த்து எழுதுகிறார்கள். மீனுக்குக் கிடைத்த இந்த மரியாதை மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் தென்பகுதியில் ஏழை வெள்ளையர்களை டிராஷ் என்று அழைக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. ஆளுக்கு அந்தச் சொல்லைப் போடவே வேண்டாம்.

அகராதி விட்டுவிட்ட இரண்டு சொற்களையும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். வெடிக்காமல் விழுந்து கிடக்கும் குண்டு ‘டட்’. முதல் உலகப் போர்தான் அதை எல்லோர் வாயிலும் ஏற்றியது. பிறகு படுத்துவிட்ட எதற்கும் அதுவே பெயர். அதே போரில் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திய ஜெர்மன் கப்பலிலிருந்து நமக்குக் கிடைத்தது ‘எம்டன்’. அவர்களுக்குச் சோப்ளாங்கிக்கு ஒரு சொல், நமக்குச் சாமர்த்தியசாலிக்கு ஒரு சொல். இன்னொன்று ‘லெமன்’. கடையிலிருந்து ஓட்டி வந்த புதுக் கார் வாரம் ஒருமுறை பட்டறையில் போய் நின்றால் அமெரிக்கர்கள் அதை எலுமிச்சம்பழம் என்பார்கள். வாங்கியவரைக் காக்கக் கனெக்டிகட் மாநிலம் 1982-இல் போட்ட சட்டத்துக்கும் ‘எலுமிச்சைச் சட்டம்’ என்றே பெயர். நாமோ புது வண்டியின் சக்கரத்துக்கு அடியில் அதே பழத்தை வைத்து நசுக்கிய பிறகுதான் வீட்டுக்கு ஓட்டுகிறோம்.

வேஸ்ட்டுக்கு வருகிறேன். பேச்சுத் தமிழில் அது நம் சொல்லாகிவிட்டது. அங்கே அதைத் துரத்த முடியாது. ஆங்கிலத் தாளில் மட்டும் சிவப்பு மை போடுங்கள். ஆங்கிலத்தில் அது வீணாவதைக் குறிக்கும்: நேரம் வீண், சோறு வீண். ஏதோ நல்லது செலவாகிப் போயிருக்க வேண்டும். தம்பியையே வேஸ்ட் என்று எழுதினால் தொழிற்சாலைக் கழிவு என்று படிப்பார்கள்.

அடித்துவிட்டு, ‘யூஸ்லெஸ் அட்’ என்று தொடங்கி அதே வரியை மறுபடி எழுதச் சொல்லுங்கள். அந்த ‘அட்’டுக்குப் பிறகு எதையாவது எழுதியாக வேண்டும். கேரம், கணக்கு, காலையில் எழுந்திருப்பது, சைக்கிளில் பின்னால் உட்காருவது என்று வரும். பத்து வரியில் மூன்று வரி அதிலேயே நிறைந்துவிடும்.