வாசகர் கேள்வி: கடைசிக்காலத் தீர்க்கதரிசனம் ஆராதனையைக் கற்றுத்தருமா?

கேள்வி: எங்கள் சபையில் சில மாதங்களாக வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தைத் தியானித்து வருகிறோம். 666, அந்திக்கிறிஸ்து, உபத்திரவகாலம் என்று கேட்கக் கேட்க எனக்குப் பயம்தான் கூடுகிறது; ஜெபிக்க முழங்காற்படியிட்டாலும் மனம் அதிலேயே நிற்கிறது. இந்தப் புத்தகம் உண்மையான ஆராதனையைக் கற்றுத்தருகிறது என்று எங்கள் போதகர் சொல்கிறார். அது எப்படி? – ஒரு வாசகி

பதில்: சகோதரி, உங்கள் போதகர் சொல்வது சரியே. கிறிஸ்துவின் எதிராளியைக் குறிக்கும் அந்திக்கிறிஸ்து என்ற சொல் இந்தப் புத்தகத்தில் ஓரிடத்திலும் இல்லை. அது யோவானின் நிருபங்களில்தான் வருகிறது. இங்கே திரும்பத் திரும்ப வரும் சொல் ‘தொழுதுகொள்ளுதல்’. 13ஆம் அதிகாரத்தில், கடலிலிருந்து எழும்பும் ஒரு மிருகத்தைக் கண்டு ஜனங்கள், “மிருகத்திற்கு ஒப்பானவன் யார்?” என்று வியந்து அதை வணங்குகிறார்கள், அடுத்த அதிகாரத்திலேயே, வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரைத் தொழுதுகொள்ளும்படி ஒரு தூதன் உரத்த சத்தமாய் அழைக்கிறான். இவ்விரண்டில் எதன் பக்கம் நிற்பது என்ற கேள்வியின் நடுவில்தான் அந்த மிருகத்தின் எண்ணாக 666 வருகிறது.

இதை முதலில் வாசிக்கக் கேட்ட சின்ன ஆசியாவின் (இன்றைய துருக்கி) ஏழு சபையாருக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. அந்தச் சபைகளில் ஒன்று இருந்த பெர்கமு நகரத்தில் ரோமப் பேரரசர் அகுஸ்து இராயனுக்கு ஏற்கெனவே ஆலயம் எழும்பியிருந்தது. சில ஆண்டுகளுக்குப் பின், ஏறக்குறைய கி.பி. 112இல், வடக்கே பித்தினியாவின் ஆளுநராயிருந்த பிளினி, கிறிஸ்தவர்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்டு மறுத்தவர்களைப் பேரரசரின் சிலைக்கு முன் தூபமும் திராட்சரசமும் படைக்கச் செய்து சோதித்ததாகப் பேரரசர் திராயானுக்கு எழுதினார். கிறிஸ்தவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தேவனாகப் போற்றிப் பாடுவார்கள் என்பதும் அதே கடிதத்தில் இருக்கிறது. சிலைக்கு முன் இடும் ஒரு சிட்டிகைத் தூபம் உயிரைக் காப்பாற்றக்கூடிய அத்தகைய உலகத்தில், பரலோகத்தின் பொற்கலசங்களில் நிறைந்திருக்கும் தூபவர்க்கம் பரிசுத்தவான்களுடைய ஜெபங்களே என்று யோவான் எழுதியது (5:8) அந்த எளிய மனிதரை எவ்வளவு தாங்கியிருக்கும்!

இத்தனை தரிசனங்களையும் கண்ட யோவானே இதில் தவறினார் என்பது என்னை எப்போதும் நிறுத்தி யோசிக்க வைக்கிறது. தனக்கு வெளிப்பாடுகளைக் காண்பித்த தூதனை வணங்கும்படி அவர் ஒருமுறை அல்ல, இருமுறை விழுந்தார் (19:10, 22:8). இரண்டு முறையும் தூதன் அவரைத் தடுத்து, “தேவனைத் தொழுதுகொள்” என்றான். வெளிப்பாட்டைக் கொண்டுவந்த தூதனே தொழத்தக்கவன் அல்ல என்றால், காலக்கணக்கு வரைபடங்களும் அவற்றை விளக்கும் பிரசங்கியாரும் நம் மனதில் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார்கள் என்று நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் பயமும் அங்கிருந்து வந்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

இன்றிரவு 8ஆம் அதிகாரத்தின் முதல் நான்கு வசனங்களை மட்டும் வாசியுங்கள். பரலோகத்தில் முத்திரையிடப்பட்டிருந்த புஸ்தகத்தின் ஏழாம் முத்திரை உடைக்கப்பட்டதும் பரலோகத்தில் ஏறக்குறைய அரைமணிநேரம் அமைதல் உண்டாகிறது. அதன்பின் பரிசுத்தவான்களின் ஜெபங்களோடு தூபத்தின் புகை தேவனுக்கு முன்பாக எழும்புகிறது. வாசித்து முடித்ததும் வேதாகமத்தை மூடிவிட்டு, எதையும் கேட்காமல், சற்று நேரம் அவர் முன்பாகப் பேசாமல் அமர்ந்திருங்கள்.