எந்தக் கதவைத் தட்டுவது? (கடிதம்)

வணக்கம் ஐயா,

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப்புற ஊரில் இருக்கிறேன். எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு)ப் பின்னால், செம்பனை மரங்களுக்கு நடுவே பையன்கள் கூடுகிறார்கள். கெத்தும் இலையைக் காய்ச்சிய போதைத் தண்ணீர், இப்போது சியாபு என்கிற மெத்தம்பெட்டமைன் போதைப்பொருளும். என் அண்ணன் மகனும் அதில் ஒருவன். புகார் கொடுக்கப் போனேன். ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டியது, அது மூன்றாவதை. எல்லாவற்றையும் ஒரே இலாகாவாக்கினால் என்ன?

அன்புடன், ஒரு வாசகி

வணக்கம் அம்மா,

உங்கள் அலைச்சல் எனக்குப் புரிகிறது. எங்கள் ஊர் பழைய லயத்துக்குப் பின்னால் நானே பார்த்தேன்: ஒரு பிளாஸ்டிக் ஜக்கில் காய்ச்சிய கெத்தும், பக்கத்தில் நாலைந்து காலி இருமல் மருந்து பாட்டில்கள், சியாபு புகைக்க மடித்த ஈயத்தாள். எல்லாம் ஒரே மரத்தடியில்தான். ஆனால் கெத்தும் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தில் வருகிறது. அதிலும் இருமல் மருந்திலும் சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவுக்குப் பொறுப்பு உண்டு. சியாபு அபாயகர போதைப்பொருள் சட்டத்தில் வருவதால் போலீஸ் பார்க்க வேண்டும். அதற்கு அடிமையாகிக் கெட்ட பையனுக்குச் சிகிச்சை, மறுவாழ்வு என்றால் ஏஏடிகே (தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனம்).

ஒரே இலாகா என்கிறீர்கள். எல்லையில் அப்படித்தான் செய்கிறார்கள். நுழைவாயில்களில் தனித்தனியாக இருந்த அமலாக்க வேலைகளை 2024ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏகேபிஎஸ் (எல்லைக் கட்டுப்பாடு, பாதுகாப்பு நிறுவனம்) என்ற ஒரே அமைப்பின்கீழ் கொண்டுவருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் போலீசும் ஏஏடிகேவும் ஏற்கெனவே ஒரே உள்துறை அமைச்சின்கீழ்தான் இருக்கின்றன. அப்படியும் நீங்கள் அலையத்தானே வேண்டியிருந்தது?

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். மாவட்டத்துக்கு ஒரு மேசை போதும். முதலில் புகாரை வாங்கிய அதிகாரியே மற்ற இலாகாக்களுக்கு அனுப்பி, என்ன ஆயிற்று என்று குறித்த நாளுக்குள் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அலைய வேண்டியது கோப்பு, நீங்கள் இல்லை. இன்னொன்று, தகவல் கொடுத்தவரின் பெயர். அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 40ஆவது பிரிவு அதைக் காக்கிறது. ஆனால் தோட்டத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். நாலு அலுவலகத்தில் நீங்கள் கதை சொன்னால், சாயங்காலத்துக்குள் விற்கிறவன் காதுக்குப் போய்விடும். இதற்காகவாவது ஒரே மேசை வேண்டும்.

சரி, அதுவரை பையனை விட்டுவைக்காதீர்கள். 50 கிராம் சியாபு கையில் இருந்தாலே சட்டம் கடத்தல் என்று அனுமானிக்கும். யாரோ ஒருவனுக்காகப் பொட்டலம் சுமக்கும் பையன்கள் அங்கேதான் மாட்டுகிறார்கள். 1983ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின்படி அவனே முன்வந்து சிகிச்சை கேட்கலாம். அண்ணனிடம் பேசுங்கள். ஏஏடிகே அலுவலகத்துக்கு அவனைக் கூட்டிப்போகும் நாளைச் சொன்னால் நானும் வருகிறேன்.