ஓசி பஸ்ஸும் கொசு மருந்தும்: வாசகர் கேள்வி பதில்

கே: மாசாமாசம் சம்பளத்துல டிடிஎஸ் பிடிக்கிறாங்க, அந்தக் காசுல யார் யாரோ ஓசி பஸ்ல போறாங்க. வரி கட்டுற எனக்கு என்ன சார் மிச்சம்?
(ஐடி ஊழியர், சோழிங்கநல்லூர்)

ப: வரி கட்டுறது நீங்க மட்டும்தான்னு யாரு பிரதர் சொன்னா? அந்த பஸ்ல போற அக்கா போனுக்கு 199 ரூபாய் ரீசார்ஜ் பண்ணா அதுல 30 ரூபாய் ஜிஎஸ்டி, 18 சதவீதம் விலைக்குள்ளயே ஒளிஞ்சிருக்கு. நீங்க பண்ற ரீசார்ஜுக்கும் அதே 30தான், பத்தாயிரம் சம்பளக்காரங்களுக்கும் லட்ச ரூபாய் சம்பளக்காரங்களுக்கும் ஒரே தொகைன்னா யாருக்கு வலிக்கும்னு நீங்களே பாத்துக்கோங்க. அதுவும் போக உங்க டிடிஎஸ் போறது டெல்லிக்கு, 2021 மே மாசத்துல இருந்து ஓடுற மகளிர் பஸ்ஸுக்கு காசு குடுக்கிறது மாநில அரசு. உங்க வரில ஒரு பங்கு சுத்தி வளைச்சு இங்க வருது, இல்லைங்கல, ஆனா மாநிலத்தோட சொந்த வரி வருமானம்னா ஜிஎஸ்டில மாநிலப் பங்கு, பெட்ரோல் வாட், பத்திரப்பதிவு, அப்புறம் டாஸ்மாக். அந்த அக்கா வீட்டுக்காரர் அங்க விட்டதும் இதுலதான் சேருது!

ஒண்ணு ஒத்துக்கிறேன், பஸ் சீட்டு பொதுப் பண்டம் கிடையாது. பொதுப் பண்டம்னா ஒருத்தர் அனுபவிச்சாலும் அடுத்தவருக்குக் குறையக் கூடாது, காசு குடுக்காதவரையும் தடுக்க முடியாது; இங்க நான் உக்காந்தா நீங்க நிக்கணும். அது நலத்திட்டம், என்னைக் கேட்டா நல்ல செலவு. கூட்டத்துக்கு ஏத்த மாதிரி பஸ் விடாததுதான் என் கோவம்.

கே: அப்போ எதுதான் பொதுப் பண்டம்?
(கல்லூரி மாணவி, தேனி)

ப: கொசு ஒழிப்பும்மா. உங்க வீட்டுத் தொட்டிய மூடி வச்சாலும், பக்கத்து மொட்டை மாடில கிடக்கிற பழைய டயர்ல தேங்குன தண்ணில பொறந்த டெங்கு கொசு உங்களைத்தான் கடிக்கும். சரி தெருவே சேர்ந்து காசு போட்டு மருந்து அடிப்போம்னு கூப்பிட்டுப் பாருங்க, நாலாவது வீட்டு மாமா "எங்க வீட்ல கொசுவே இல்லையே"ம்பார், ஏன்னா அவர் குடுக்கலைன்னாலும் கொசு குறைஞ்சா அவருக்கும் சேர்த்துத்தான் குறையும், அவர் வீட்டை மட்டும் விட்டுட்டு ஒழிக்க வழியில்ல. எல்லாரும் மாமா மாதிரியே யோசிச்சா மருந்து யாரு அடிப்பா? அதான் விருப்பப்பட்டா குடுங்கன்னு கேக்காம சொத்துவரின்னு வாங்கிடறாங்க.

கே: செஸ் செஸ்ங்கறாங்களே, அதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?
(வாசகர், உசிலம்பட்டி)

ப: நிறைய இருக்குண்ணே. மத்திய வரில 41 சதவீதம் மாநிலங்களுக்குன்னு, யாருக்கு எவ்வளவு பங்குன்னு சொல்ற 15வது நிதிக்குழு சொல்லிச்சு, ஆனா செஸ் (ஒரு குறிப்பிட்ட செலவுக்குன்னு வாங்குற வரி), சர்சார்ஜ் (கூடுதல் வரி) எல்லாம் அந்தக் கணக்குலயே வராது, முழுசா டெல்லிக்கே. 2022 மே குறைப்புக்கு அப்புறம் 2025 ஏப்ரல் வரைக்கும் பெட்ரோல் லிட்டருக்கு மத்திய வரி 19 ரூபாய் 90 காசா இருந்துச்சு, அதுல பங்கு பிரிக்கிற அடிப்படை கலால் வரி வெறும் 1 ரூபாய் 40 காசு. அதுல 41 சதவீதம்னா 57 காசு, அதை அத்தனை மாநிலமும் பிரிச்சுக்கணும், அப்போ தமிழ்நாட்டுப் பங்கு 4.079 சதவீதம், ஆக ஒரு லிட்டருக்கு நமக்கு வந்தது ரெண்டு காசு சொச்சம். மீதிப் பணத்துல ரோடு போடறாங்கதான், எங்க போடணும்னு முடிவு பண்றது அவங்க.

கே: வரியே இல்லாத துபாய்க்குப் போயிடவா?
(வாசகர், கும்பகோணம்)

ப: சம்பளத்துக்கு வரி இல்லதான். ஆனா 2018 ஜனவரில இருந்து 5 சதவீதம் வாட் இருக்கு, வருஷ வாடகைல இன்னொரு 5 சதவீதத்தை முனிசிபாலிட்டி மாசாமாசம் பிரிச்சு கரண்ட் பில்லோட வாங்கிடும். அதையும் சேர்த்து சம்பளம் பேசுங்க தம்பி.